ஏன் விழுந்தார் என்று யாராவது கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 76 வயதான என் தாயார் எட்டு மாதங்களில் மூன்று முறை வீட்டுக்குள்ளேயே விழுந்தார். முதல் முறை புருவத்துக்கு மேல் நான்கு தையல். அடுத்து மணிக்கட்டில் மாவுக்கட்டு. மூன்றாம் முறை இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை. காயங்களுக்கு நல்ல சிகிச்சை கிடைத்தது. ஏன் விழுந்தார் என்று மட்டும் மருத்துவமனையிலும் யாரும் கேட்கவில்லை, பிள்ளைகளாகிய நாங்களும் கேட்கவில்லை. 'வயசானா அப்படித்தான்' என்று இருந்துவிட்டோம்.

அறுவை சிகிச்சைக்குப் பின் வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர்தான் அம்மாவைப் படுக்கவைத்து ஒரு முறையும், நிற்கவைத்து ஒரு முறையும் ரத்த அழுத்தம் பார்த்தார். படுத்திருக்கையில் 140 ஆக இருந்த மேல் அளவு, நின்ற மூன்றாவது நிமிடத்தில் 108க்கு இறங்கியது. அம்மாவின் கை கட்டில் சட்டத்தைத் தேடித் துழாவியது. எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் கட்டாயம் கவனிக்க வேண்டும் என்று அன்றுதான் அறிந்தோம். மூன்று முறையும் அவர் விழுந்தது விடியற்காலையில் கழிவறைக்குப் போக எழுந்தபோது என்பதும், இரவில் ரத்த அழுத்த மாத்திரையோடு தூக்க மாத்திரையும் சாப்பிட்டு வந்தார் என்பதும் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தன. மருத்துவர் மாத்திரைகளை மாற்றிக் கொடுத்தார். கழிவறையில் கைப்பிடி பொருத்தினோம். எழுந்தவுடன் கால்களைத் தொங்கவிட்டுச் சற்று நேரம் கட்டிலிலேயே உட்கார அம்மாவும் பழகிக்கொண்டார்.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் அதிகமானோர் 60 வயதைக் கடந்தவர்கள். ஒரு முறை விழுந்தவர் பயந்துபோய் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ள, அதனாலேயே காலில் வலு குறைந்து மறுபடி விழுகிறார்.

2021 ஆகஸ்ட் முதல் நடைபெறும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் களப்பணியாளர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். முதியவர்களை நிற்கவைத்தும் ஒரு முறை பார்ப்பதையும், 'கடந்த ஓராண்டில் எங்காவது விழுந்தீர்களா?' என்று கேட்டுக் குறித்துக்கொள்வதையும் அவர்களின் பணியோடு சேர்க்குமாறு சுகாதாரத் துறையைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. அந்தக் கேள்வியைப் பிள்ளைகள் எதிரில் கேட்காமல் தனியே கேட்பது நல்லது. மணிக்கட்டு முறிந்த அன்று என் தாயார் சேலை முந்தானையால் கையை மூடிக்கொண்டு, 'சுவத்துல இடிச்சுக்கிட்டேன்பா' என்றுதான் மாலை வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை