எச்சில் டப்பாவுக்கு முன்னால் ஊதா மூடி டியூப்

தண்டையார்பேட்டை
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணுவுக்கு,

நீ ஆன்லைனில் போட்ட இரண்டு ஜீன் டெஸ்ட் டப்பாக்களில் மாப்பிள்ளைக்கானது நம் வீட்டுக்கு வந்துவிட்டது. அட்டைப்பெட்டியைத்தான் பிரித்தேன். டியூப் இருக்கும் கவரின் சீல் அப்படியே இருக்கிறது. மாப்பிள்ளையிடம் இன்னும் கொடுக்கவில்லை. கொடுப்பதற்கு முன் நீ இதைப் படி.

அத்தை மகனைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் முன்கூட்டியே பார்த்துவிடலாம் என்று நினைத்தது சரிதான். ஆனால் எதைத் தெரிந்துகொள்ள இந்த டெஸ்ட் என்று முடிவு செய்யாமலே ஆர்டர் போட்டிருக்கிறாய். அந்தக் கேள்வி, போன வாரம் நீ வாட்ஸப்பில் அனுப்பிய சிபிசி, அதாவது ரத்த அணு எண்ணிக்கை ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. ஹீமோகுளோபின் 11.3 என்பதை மட்டும் பார்த்திருப்பாய். அடியில் 'இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம்' என்று அச்சடித்திருக்கிறார்கள், நீயும் மூன்று மாதமாக மாத்திரை போடுகிறாய். அதற்கு மேலே இரண்டு வரியைப் பார். சிவப்பணுவின் எண்ணிக்கையான ஆர்.பி.சி. 5.6 மில்லியன். அணுவின் சராசரி அளவான எம்.சி.வி. 63. அறுபத்துமூன்றை 5.6-ஆல் வகுத்தால் 11.25 வருகிறது.

1973-இல் மென்ட்சர் என்ற டாக்டர் சொன்ன கணக்கு இது. 13-க்கு மேலே போனால் இரும்புச்சத்துக் குறைவு பக்கம் சாயும், 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாற்றின் பழுதான ஜீனைச் சுமக்கும் கேரியரா என்று பார்க்க வேண்டும். காரணம் எளிது. இரும்பு போதாதபோது சிவப்பணு சிறுத்தும் போகும், எண்ணிக்கையும் குறையும். தலசீமியா கேரியருக்கு அணு சிறியது, ஆனால் உடம்பு அதைச் சரிக்கட்ட நிறையச் செய்து தள்ளும். உன் ரிப்போர்ட்டில் அணு சிறுத்திருக்கிறது, எண்ணிக்கையோ சராசரிப் பெண்ணைவிட அதிகம். இது சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. இரண்டு கோளாறும் ஒரே ஆளுக்கு இருக்கவும் கூடும், நம் ஊர்ப் பெண்களுக்கு அது அபூர்வமும் இல்லை.

கேரியர் என்றதும் பயந்துவிடாதே. நம் செல் ஒவ்வொன்றிலும் 23 ஜோடி குரோமோசோம், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. பதினொன்றாவது ஜோடியில் எச்.பி.பி. என்ற ஜீன் இருக்கிறது. ஹீமோகுளோபினின் பாதியான பீட்டா குளோபினைச் செய்யக் கற்றுக்கொடுப்பது அதுதான். இரண்டு பிரதியில் ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். இது நோய் இல்லை, லேசான சோகையைத் தவிரப் பொதுவாக ஒன்றும் செய்யாது. இரண்டு பிரதியும் பழுதான குழந்தைக்குத்தான் கஷ்டம்: பிறக்கும்போது நன்றாக இருக்கும், பிறகு முதல் இரண்டு வயதுக்குள் வெளுக்க ஆரம்பிக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், அப்படி ஏற்றியதால் சேரும் இரும்பை வெளியேற்றத் தனி மருந்து வேண்டும்.

இது யார் வழியாக வந்திருக்கும் என்று பார்க்க வீட்டில் இருந்த பழைய ஃபைல்களை எடுத்தேன். என் எம்.சி.வி. 87. அப்பாவின் ஆபரேஷன் ஃபைலில் 66, ஆர்.பி.சி. 6.1. வகுத்தால் 10.8. அப்படியானால் அப்பா வழி. இங்கேதான் அத்தை மகன் விஷயம் வருகிறது. அப்பாவுக்கு அது தாத்தா, பாட்டி இருவரில் ஒருவரிடமிருந்து வந்திருக்க வேண்டும். அதே பிரதி அத்தைக்கு வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அத்தையிடமிருந்து மாப்பிள்ளைக்கு மறுபடி இரண்டில் ஒன்று. ஆக மாப்பிள்ளையும் கேரியராக இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. வெளியில் கட்டியிருந்தால் இந்த எண் இதைவிட மிகக் குறைவு. என் வழியாக வந்திருந்தால் அத்தை மகன் கணக்கில் வரவே மாட்டார், என் அண்ணன் மகனைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருந்திருக்கும். 'சொந்தத்தில் கட்டினால் ஆபத்து' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதால் யாருக்கும் பிரயோஜனமில்லை. எந்தச் சொந்தம், எந்த ஜீன், யார் வழி என்று பார்த்தால்தான் எண் கிடைக்கும்.

நீ முதலில் செய்ய வேண்டியது எச்.பி.எல்.சி., அதாவது ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் டெஸ்ட். கூடவே உடம்பில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின். எச்.பி.எல்.சி.-க்கு ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. டியூபில் இரண்டு மூன்று மில்லி ரத்தம் போதும். ஃபெரிட்டினுக்கு வேறு டியூப், அதையும் ஒரே குத்தில் எடுத்துவிடுவார்கள். வெறும் வயிறு தேவையில்லை. எடுத்தவுடன் டியூபை எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து எடுக்கிறார்களா என்று பார். குலுக்கினால் அணு உடையும், கவிழ்க்காவிட்டால் உறையும். இரண்டுமே ரிப்போர்ட்டைக் கெடுக்கும். ரிப்போர்ட்டில் எச்.பி.ஏ.2 என்ற வரியைத் தேடு, சுருக்கமாக ஏ2, ஹீமோகுளோபினில் கொஞ்சமாக இருக்கும் ஒரு வகை. சாதாரணமாக 2 முதல் 3.3 சதவீதம் இருக்கும். 4-க்கு மேல் போனால் பீட்டா தலசீமியா கேரியர் என்று அனேகமாக முடிவாகிவிடும். நடுவில் 3.4, 3.7 என்று நின்றால்தான் வம்பு. இரும்புக் குறைவு ஏ2-வைக் கீழே இழுக்கும், பி12 குறைவு மேலே தள்ளும். அதனால்தான் ஃபெரிட்டினும் சேர்த்துக் கேட்கச் சொல்கிறேன். ஃபெரிட்டின் குறைவென்றால் டாக்டர் சொல்கிறபடி இரும்பைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஃபெரிட்டின் நன்றாக இருந்தால் அந்த மாத்திரை உனக்கு எதற்கு என்று டாக்டரையே கேள். கடந்த மூன்று மாதத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்ட யாரும் இந்த டெஸ்ட் எடுக்கக் கூடாது, தானம் கொடுத்தவரின் ஹீமோகுளோபினைத்தான் மெஷின் படிக்கும். ஏ2 சரியாக இருந்து எம்.சி.வி. மட்டும் இப்படியே குறைந்து நின்றால் ஆல்ஃபா தலசீமியா என்று இன்னொன்று இருக்கிறது, அதற்கு எச்.பி.எல்.சி. உதவாது, ஜீனைத்தான் பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளைக்கு முதலில் வெறும் சிபிசி. திருவொற்றியூரில் வீட்டுக்கே வந்து எடுக்கிறார்கள், ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. சாயங்காலம் எடுத்த ரத்தம் பைக் பெட்டியில் வெயிலும் புழுக்கமும் பட்டு மறுநாள் மெஷினுக்குப் போனால் அணு ஊதிவிடும். 74 என்று வர வேண்டிய எம்.சி.வி. 80-ஐத் தொட்டு 'நார்மல்' என்று பச்சையில் வரும். காலையில் நேரே லேப்புக்குப் போகச் சொல். ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம் தெருவுக்கு நாலு இருக்கிறது. லேப்பின் தரத்துக்கான என்.ஏ.பி.எல். அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று ரிப்போர்ட்டின் தலைப்பில் பார்த்தால் போதும். எம்.சி.வி. 80-க்கு மேலும், ஓர் அணுவில் இருக்கும் ஹீமோகுளோபின் அளவான எம்.சி.எச். 27-க்கு மேலும் இருந்தால் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. ஆனாலும் உனக்கு ஏ2 கூடியிருப்பது உறுதியாகிவிட்டால் அவருக்கும் ஒரு எச்.பி.எல்.சி. எடுத்துவிடுவதே நல்லது. சிபிசி சுத்தமாக இருந்து ஏ2 மட்டும் கூடியிருப்பவர்களும் கொஞ்சம் பேர் உண்டு.

இத்தனைக்கும் அந்த எச்சில் டப்பா ஏன் உதவாது என்று கேட்பாய். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், தண்ணீரும் குடிக்காமல் இருந்து, நுரையைக் கணக்கில் சேர்க்காமல் கோடு வரை துப்பி, மூடியை அழுத்தினால் அதிலிருக்கும் திரவம் கலந்து டி.என்.ஏ. கெடாமல் காக்கும். அந்த வேலையெல்லாம் ஒழுங்குதான், எச்சிலில் இருக்கும் வெள்ளணுவிலும் கன்னத்துச் செல்லிலும் நல்ல டி.என்.ஏ. கிடைக்கும். குறை அதற்குப் பிறகு. நம் டி.என்.ஏ. சுமார் 300 கோடி எழுத்து. இந்த மலிவு டெஸ்ட்டுகளில் இருக்கும் சிப், முன்கூட்டியே குறித்துவைத்த ஆறேழு லட்சம் இடங்களை மட்டும் எட்டிப் பார்க்கிறது. எச்.பி.பி. ஜீன் பழுதாக நூற்றுக்கணக்கான வழி இருக்கிறது. இந்தியாவில் அதிகம் காண்பது ஐ.வி.எஸ். 1-5 என்ற ஒற்றை எழுத்து மாற்றம். இன்னொன்றில் 619 எழுத்து மொத்தமாகவே காணாமல் போயிருக்கும். குறித்த இடத்தில் ஓர் எழுத்தைத் தேடும் சிப் இப்படிப்பட்ட ஓட்டையை எளிதில் கண்டுகொள்ளாது. 'கண்டறியப்படவில்லை' என்று வரும். நீ 'இல்லை' என்று படிப்பாய். அந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில்தான் ஒரு குழந்தை பிறக்கிறது.

எதிர்ப்பக்கமும் தப்பு நடக்கும். அந்தக் கம்பெனிகள் தரும் மூலத் தரவை இறக்கி வேறு வெப்சைட்டில் ஏற்றி 'புற்றுநோய் ஜீன் இருக்கிறது' என்று பதறுகிறவர்கள் உண்டு. 2018-இல் வெளியான ஒரு ஆய்வில் அப்படிக் கிடைத்த மாற்றங்களை லேப்பில் மறுபடி சோதித்தபோது பத்தில் நான்கு பொய்.

நீங்கள் இருவருமே கேரியர் என்று வந்தால் கல்யாணத்தை நிறுத்த வேண்டியதில்லை, வேலையை முன்கூட்டிச் செய்ய வேண்டும். எச்.பி.பி. ஜீன் சின்னது, சுமார் 1,600 எழுத்துதான். 'எச்.பி.பி. முழு சீக்வென்சிங், கூட டெலிஷன் டெஸ்ட்' என்று கேள், முதலாவது எழுத்தெழுத்தாகப் படிப்பது, இரண்டாவது மொத்தமாகக் காணாமல் போனதைத் தேடுவது. உன் பழுது எது, அவர் பழுது எது என்று கர்ப்பத்துக்கு முன்பே பெயரோடு கையில் இருக்க வேண்டும். ஏனென்றால் பத்து முதல் பதிமூன்று வாரத்துக்குள் நஞ்சுத் திசுவில் கொஞ்சம் எடுத்து, அந்த இரண்டு பழுது மட்டும் குழந்தைக்கு வந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். வாரம் தாண்டினால் பதினைந்துக்குப் பிறகு பனிக்குட நீர். எது தேடுவது என்று அப்போது உட்கார்ந்து ஆராய்ந்தால் நாள் ஓடிவிடும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு, புதிதாகச் சுண்டும் காசு மாதிரி. முதல் குழந்தைக்கு வந்தால் அடுத்த மூன்றும் தப்பும் என்பது பாட்டிக் கணக்கு. இங்கே ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியில் காட்டினாலும் வேறு ஊரில் காட்டினாலும் முதல் செக்கப்பிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். பையனா பெண்ணா என்று மட்டும் கேட்காதே, சொல்வது குற்றம்.

தலசீமியா தவிர மற்ற மறைந்த கோளாறுகளும் உண்டு. சொந்த அத்தை, மாமன் பிள்ளைகள் கட்டினால் பிறவிக் கோளாறு வாய்ப்பு பொதுவாக இருப்பதைவிட 2, 3 சதவீதம் கூடும். நம் பக்கம் தாய்மாமனையே கட்டும் வழக்கத்தில் இன்னும் கூடும். குடும்பத்தில் சின்ன வயதில் இறந்த குழந்தை, பிறவிச் செவிடு என்று ஏதாவது இருந்தால் தம்பதி இருவருக்கும் எக்சோம், அதாவது எல்லா ஜீன்களிலும் புரோட்டீன் செய்யும் பகுதியைப் படிக்கும் டெஸ்ட், எடுக்கலாம். அத்தை பக்கம் மூன்று தலைமுறைக்கு ஒரு காகிதத்தில் போட்டு வைத்திருக்கிறேன், ஜெனடிக் கவுன்சிலரிடம் அதைக் கொடு. எக்சோம் ரிப்போர்ட்டில் 'வி.யு.எஸ்.' என்று வந்தால் பொருள் தெரியாத மாற்றம் என்று அர்த்தம். அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதே. உலகத் தரவு பெரும்பாலும் ஐரோப்பியர்களுடையது என்பதால் நமக்கு இது கூடுதலாக வரும். ஜீனோம் இந்தியா திட்டத்தில் ஏறக்குறைய பத்தாயிரம் இந்தியர்களின் டி.என்.ஏ. படித்து 2025 ஜனவரியில் தரவை வெளியிட்டிருக்கிறார்கள், இனிமேல் கொஞ்சம் குறையும்.

இன்னொன்று. துப்புவது நீ, ஆனால் அதில் பாதி நான், பாதி அப்பா, உன் தம்பிக்கும் பங்கு. 2023-இல் அமெரிக்காவின் 23அண்ட்மீ கம்பெனியிலிருந்து சுமார் 69 லட்சம் பேர் தகவல் திருடு போனது, 2025 மார்ச்சில் அதுவே திவால் மனு கொடுத்தது. பாஸ்வேர்டை மாற்றலாம், இதை மாற்ற முடியாது.

அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. 'உன் பிள்ளைக்குக் குறையா' என்று ஆரம்பித்தால் காரியம் கெட்டது. அப்பாவின் ரிப்போர்ட்டைக் காட்டி, 'அண்ணனுக்கு இருக்கிறது, தங்கச்சிக்கும் ஒரு ரத்த டெஸ்ட் பார்த்துவிடலாம்' என்று அப்பாவையே சொல்ல வைக்கிறேன். அத்தைக்கு இல்லையென்று வந்தால் அந்த வழி அடைபட்டது, மாப்பிள்ளைக்குச் சாதாரண எச்சரிக்கையே போதும்.

டப்பா பீரோ மேலே இருக்கிறது. திருப்பி அனுப்பக் கடைசித் தேதி பில்லில் இருக்கும், பார்த்துச் சொல். கூரியர் பையன் பகல் பன்னிரண்டுக்கு முன்னால் வந்தால் நான் வீட்டில் இருப்பேன்.

அம்மா