ஒரே கீ இரண்டு தடவை வந்தால்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபங்ஷனல் புரோகிராமிங் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த அறிமுகக் கட்டுரையைப் படித்தேன். மேப் கட்ட லூப் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், சின்னச் சின்ன உதவி ஃபங்ஷன்களே போதும் என்று எழுதியிருந்தது சரிதான், நானும் அப்படித்தான் எழுதுகிறேன். (ஒரு கீக்கு, அதாவது தேடும் அடையாளத்துக்கு, ஒரு வேல்யூ என்று வைத்திருக்கும் மேப்பைச் சொல்கிறேன், பட்டியல் மேல் ஓடும் மேப் ஃபங்ஷன் வேறு, இந்தப் பெயர்க் குழப்பம் தீரவே தீராது.) ஆனால் ஒரே கீ இரண்டு தடவை வந்தால் என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இல்லையே!

எழுத்து வாரியாகச் சொற்களைப் பிரிக்கிறோம் என்று வையுங்கள்: அ-அணில், ஆ-ஆடு, அ-அம்மி. ஹாஸ்கெல் மொழியில் இதை, பட்டியலை மேப்பாக மாற்றும் ஃபிரம்லிஸ்ட்டிடம் கொடுத்தால் அம்மியும் ஆடும்தான் மிஞ்சும், அணில் சத்தமில்லாமல் போய்விடும். எலிக்சிர் மொழியின் மேப்.நியூவும் கோட்லின் மொழியின் அசோசியேட்பையும் இதே கதைதான், கடைசியாக வந்தது முன்னதை அழித்துவிடும். இந்த அசோசியேட்பையை நம்பி, ஆர்டர்களை வாடிக்கையாளர் எண் வாரியாக ஒரு மேப்பில் போட்டு, கூட்டுத்தொகை ஏன் குறைகிறது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான். இரண்டு ஆர்டர் போட்டவர்களுக்கெல்லாம் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. எர்ரர் எதுவும் வரவில்லை, வந்திருந்தால் பத்து நிமிட வேலை. ஜாவாவில் கலெக்டர்ஸ்.டூமேப், இரண்டு கீ மோதினால் எக்செப்ஷன் என்ற எர்ரரை வீசி நின்றுவிடும். முன்பெல்லாம் அதைத் திட்டுவேன், இப்போது திட்டுவதில்லை.

ஹாஸ்கெல்லில் இதற்கு ஃபிரம்லிஸ்ட்வித் இருக்கிறது, மோதும்போது இரண்டு வேல்யூவையும் எப்படிச் சேர்ப்பது என்று நாமே சொல்லிவிடலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் 1 வைத்துக் கூட்டச் சொன்னால் எண்ணிக்கை தயார். பட்டியல்களை ஒட்டச் சொன்னால் மட்டும் கவனம்: சேர்க்கும் ஃபங்ஷனுக்குப் புதியது முதலிலும் பழையது இரண்டாவதாகவும் போகும், அதனால் அம்மி முன்னே, அணில் பின்னே என்று தலைகீழாக வரும். சரி, இடத்தை மாற்றி ஒட்டுவோம் என்றால், வளர்ந்துகொண்டே போகும் பழைய பட்டியலை ஒவ்வொரு தடவையும் முழுக்க நகலெடுக்க நேரிடும். மூலப் பட்டியலை முதலிலேயே திருப்பிப் போட்டுவிடுவது மேல்.

க்ளோஜர் மொழியிலும் எலிக்சிரிலும், கீ வாரியாகத் தொகுக்கும் குரூப்பை, எண்ணிக்கை எடுக்கும் ஃப்ரீக்வென்சீஸ் இரண்டுமே கூடவே வருகின்றன. ஸ்காலா மொழியின் 2.13 பதிப்பில், தொகுத்துச் சேர்த்தும் தரும் குரூப்மேப்ரெட்யூஸ் சேர்ந்தது, ஜாவாஸ்கிரிப்டுக்கும் 2024 தர வரையறையில் குரூப்பை வந்துவிட்டது. அப்புறம், சொந்தமாக ஹெல்பர் எழுதுகிறவர்கள் அதற்கு 'டூமேப்' என்று மொட்டையாகப் பெயர் வைக்காமல், 'கடைசியை வைத்துக்கொள்', 'மோதினால் நில்' என்கிற மாதிரி வைத்தால் படிப்பவருக்கு உள்ளே போய்ப் பார்க்கிற வேலை மிச்சம்.

கட்டுரையின் அடுத்த பகுதி வருவதாக இருந்தால் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்