வாங்காத கடனுக்குக் கையெழுத்து

கோட்டையூர்,
ஆடி மாதம்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தி படித்து வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. கடிதத்தின் பின்பாதியில் நீ கேட்டிருந்த இரண்டு விஷயங்களுக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. ஆயிரம் ரூபாய் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகாமல் நான் ஏன் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தேன் என்பது ஒன்று. உன் தங்கை மகன் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கை முடித்துக்கொடுக்க இங்கே வேண்டிய ஆள் யாரேனும் உண்டா என்பது மற்றொன்று. நான்கு நாள் யோசித்த பிறகு, இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது என்று தெரிந்தது.

முதலில் என் வழக்கைச் சொல்கிறேன். தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரை போயிருந்தேன் அல்லவா? நத்தம் தாண்டி ஒரு சத்திரத்தில் கால் நீட்டிப் படுத்திருந்தபோது கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. தலைக்கவசம் இல்லாமல் வண்டி ஓட்டியதற்காக என் வண்டி எண்ணின் மேல் ஆயிரம் ரூபாய் அபராதம் என்றது அது. குறிப்பிட்டிருந்த நாளில் நான் காவடிகளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். வண்டியோ வீட்டு முகப்பில் பூட்டிக் கிடந்தது. ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டுப் பையனை வைத்துப் அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் படத்தைத் திறந்து பார்த்தேன். அதில் இருந்தது ஒரு பெரிய மோட்டார் சைக்கிள். என்னுடையது எக்செல் மொபெட் என்பது உனக்குத் தெரியும். எண் பலகையில் சேறு படிந்திருந்த எட்டை மூன்றாகப் படித்திருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்த தவறு.

அவ்வளவுதான் என்று நான் எழுதினாலும் அதைத் திருத்துவது எளிதாக இல்லை. படத்தையும் ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே ரைட்டர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால், "கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, இனி எங்கள் கையில் இல்லை, கட்டிவிடுங்கள், இல்லையென்றால் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று முடித்துவிட்டார். உறவினர், நண்பர், டீக்கடைக்காரர் என்று எல்லாரும் நீ சொன்னதையே சொன்னார்கள். 2022 அக்டோபர் வரை நூறு ரூபாயாக இருந்த அபராதம் ஆயிரமானபோது புலம்பியவர்களே, இப்போது ஆயிரம்தானே, தொலையட்டும் என்றார்கள்.

பணம் எனக்குப் பொருட்டில்லை. ஆனால் இந்த அபராதம் வெறும் பணத்தோடு நிற்பதில்லை. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-டி பிரிவு, ஆயிரம் ரூபாயுடன் மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத்தை இழக்கவும் இடம் வைத்திருக்கிறது. அதைவிடப் பெரிய காரணம் என் அப்பா. மலேயாவில் ஒரு வட்டிக்கடையில் மேலாளுக்கு உதவியான அடுத்தாளாக இருந்து, பெட்டியடியில் உட்கார்ந்து பேரேடு எழுதியவர் அவர். கணக்கை ஒத்துப்பார்க்கும் ஐந்தொகையில் கால் ரூபாய் ஒத்துவராமல் இடித்தால், அதைத் தன் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டுவதைத் திருட்டுக்குச் சமமாக நினைத்தார்; விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு விடிய விடியத் தேடுவார். அவரிடம் கணக்குப் பழகிய நான், செய்யாத காரியத்தைச் செய்ததாக எழுதி அதன் கீழே எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? வாங்காத கடனுக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரம் அல்லவா அது?

அதனால் கட்டாமல் விட்டேன். சித்திரை கடைசியில் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது. முதல் முறை போனபோது நடுவர் விடுப்பில் இருந்தார். வாய்தா போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை நான் கண்டதை உன்னிடம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

காலை பத்தரைக்குப் பெட்டிக் கேஸ் என்னும் சிறு வழக்குகளின் கட்டுகளைக் கோர்ட் காவலர் கொண்டுவந்து வைத்தார். நீதிமன்றச் சேவகரான டவாலி வராந்தாவில் நின்று ஒவ்வொரு பெயரையும் மும்முறை கூவினார். ஏழெட்டுப் பேராக வரிசையில் நிறுத்தி, குற்றச்சாட்டை ஒரு வரியில் சொல்லி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று நடுவர் அம்மா கேட்டார். கேட்டு முடிப்பதற்குள், "ஒத்துக்கிறேன்மா" என்ற பதில் வந்துவிடும். தொகை சொல்லப்படும், வெளியே போய்க் கட்டி ரசீது வாங்கிக்கொள்வார்கள். ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

எனக்கு முன்னால் நின்றவன் ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறையில் வேலை பார்க்கும் பையன். இருபத்திரண்டு வயது இருக்கும். நகக்கண்களில் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது. காப்பீடு இல்லாமல் வண்டி ஓட்டியதாக வழக்கு. ஒப்புக்கொண்டான், இரண்டாயிரம் ரூபாய் அபராதம். வெளியே வந்து பேசியபோதுதான் தெரிந்தது, அவன் வண்டிக்குக் காப்பீடு இருந்திருக்கிறது, தேதியும் தாண்டவில்லை. வண்டியை நிறுத்திய அன்று கைப்பேசியில் சார்ஜ் இல்லை. கையில் காகிதமும் இல்லை. இப்போது அதே கைப்பேசியைத் திறந்து அரசின் ஆவணச் சேமிப்புத் தளமான டிஜிலாக்கரில் எனக்குக் காட்டினான். அந்தத் தளத்தில் இருக்கும் ஆவணம் காகித மூலத்துக்கு நிகரானது என்று 2018-லேயே மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்திவிட்டார்கள். இதை உள்ளே அம்மாவிடம் காட்டியிருக்கலாமே தம்பி என்றேன். "காட்டினால் இன்னொரு வாய்தா போடுவாங்க ஐயா. இன்னைக்கே ஒரு நாள் கூலி போச்சு" என்றான்.

அவன் கணக்குத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அவன் ஒப்புக்கொண்டது மோட்டார் வாகனச் சட்டத்தின் 196-ஆம் பிரிவில் முதல் குற்றமாகப் பதிவாகிவிட்டது. நாளை உண்மையாகவே ஒரு நாள் காப்பீடு தவறினால், அது இரண்டாம் முறையாகி நாலாயிரம் கேட்பார்கள். நீதிமன்ற வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது என்பதும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாக வக்கீல் கிடைப்பார் என்பதும், 15100 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசிக் கேட்கலாம் என்பதும் அவனுக்குத் தெரியவில்லை. எண்ணை எழுதிக் கொடுத்தேன். ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவன் போனதைப் பார்த்த பிறகு, அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் முறை வந்தபோது, "ஒப்புக்கொள்ளவில்லை அம்மா" என்றேன். கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நடுவர் அம்மாவோ பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஏன் என்று நிதானமாகக் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே இத்தனை நடையும் தகும் என்று தோன்றியது. படத்தின் நகலையும் ஆர்.சி. புத்தகத்தையும் கொடுத்தேன். வழக்குப் பதிந்த காவலரை அழைத்து விசாரிக்க மறு தேதி குறித்தார். அன்று அந்தக் காவலரும் வந்து படத்தைப் பார்த்துவிட்டு, எண் தவறுதான் என்று மறைக்காமல் சொன்னார். குற்றச்சாட்டுக்கு அடிப்படை இல்லை என்று நடுவர் கண்டால், காரணத்தை எழுதி விடுவித்துவிடலாம் என்று, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 274-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியே விடுவித்தார். நான் வக்கீல் வைக்கவில்லை, பேசியதெல்லாம் தமிழில்தான்.

இனி உன் தங்கை மகன். நீ வருத்தப்படுவாய் என்று தெரிந்தே எழுதுகிறேன்: வேண்டிய ஆள் எவரையும் நான் தேடப் போவதில்லை. முதலில், அது நடக்கிற காரியமில்லை. குடித்துவிட்டு ஓட்டுவதற்கான, மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு வழக்கைச் சாலையில் அபராதம் வாங்கி முடித்துவிடக் காவலருக்கு அதிகாரம் கிடையாது. நீதிமன்றத்துக்கு வந்தே தீர வேண்டும். நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராம் ஆல்கஹால் என்பதே வரம்பு. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மறுமுறை என்றால் இரண்டு ஆண்டும் பதினைந்தாயிரமும் வரை போகும். உரிமத்தை இடைநிறுத்தவும் இடமுண்டு. ஆள் பிடித்துத் தருகிறேன் என்று வருபவன் பணத்தை வாங்கிக்கொண்டு, பையனைக் கூண்டில் தனியே நிற்கவிட்டுப் போய்விடுவான்.

இரண்டாவது காரணத்தை உன்னைத் தவிர வேறு யாருக்கும் எழுதமாட்டேன். தை மாதத்தில் பின்னிரவு மூன்று மணிக்குக் காவடிகளோடு சாலையோரம் நடந்துகொண்டிருந்தோம். எதிரே ஒரு காரின் விளக்குகள் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக வளைந்து வந்தன. எனக்கு முன்னால் ஓர் ஆச்சி, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துப் புதருக்குள் இழுத்தேன். இருவருக்கும் முள் கிழித்தது. கார் நிற்காமல் போய்விட்டது. ஆச்சி "முருகா" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடியும் நடந்தார். உன் கடிதத்தைப் படித்தபோது அந்த விளக்குகள்தான் கண்ணுக்கு முன்னால் வந்தன. உன் மருமகன் அன்று யாரையும் இடிக்கவில்லை, உண்மைதான். அந்தக் காரும் எங்களை இடிக்கவில்லை.

பையன் குடித்திருந்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் அவன் கணக்கில் அந்தப் பற்று உண்மையானது. அவன்தான் எழுத வேண்டும். நான் மறுத்ததும் அவன் ஒப்புக்கொள்ள வேண்டியதும் எனக்கு ஒரே காரியமாகவே தெரிகின்றன. முதல் தடவை என்பதையும், வேலையில் சேர்ந்து ஆறு மாதமே ஆகிறது என்பதையும் அவனே வாய்விட்டுச் சொல்லட்டும். அதைக் கேட்கும் பொறுமை அந்த அம்மாவுக்கு உண்டு என்பதை நான் பார்த்திருக்கிறேன். பரிசோதனைத் தாளில் உள்ள அளவைப் பற்றி ஐயம் இருந்தால் மட்டும், ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டட்டும்.

சம்மனில் உள்ள தேதிக்கு முந்திய நாளே அவனைக் கோவையிலிருந்து பஸ் ஏற்றிவிடு. இங்கே நம் வீட்டிலேயே தங்கட்டும். உரிமம், ஆர்.சி., காப்பீடு, ஆதார் எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்து வரச் சொல். அபராதத்தை அன்றே கட்ட வேண்டியிருக்கும், பணமும் கையில் இருக்கட்டும். காலை பத்து மணிக்கு முன் அவனோடு நானும் வராந்தாவில் நிற்பேன். பெயரைக் கூப்பிடும்போது அவன் தனியாக உள்ளே போவான். திரும்பி வரும்வரை நான் அங்கேயே இருப்பேன் என்று தங்கச்சியிடம் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பள்ளித் தோழன்