தென்கொரியாவின் டேஜோனிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நானும் அவரும் நலம். குளிர் ஆரம்பித்துவிட்டது, காதை மூடாமல் வெளியே போக முடியவில்லை.

அம்மா போனில் எல்லாம் சொன்னாள். படபடப்பு அடங்கும்வரை காபி, டீ இரண்டையும் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், அதிலிருந்து நீங்கள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். டிப்போ டீயிலேயே சர்வீஸ் முழுக்க ஓட்டிய மனுஷனுக்குக் கஷ்டம்தான். போனில் நான் எது சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

முதலில் அந்தத் தலைவலி. காபி, டீயை ஒரேயடியாக விட்டால் 12 மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் தலைவலி ஆரம்பிக்கும், முதல் இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு 9 நாள் வரை இழுக்கும். அப்புறம் தானாகப் போய்விடும். சிடுசிடுப்பும் தூக்கக் கலக்கமும் அதோடு சேர்ந்ததுதான், அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன். முக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டதும் வலி சட்டென்று நின்றுவிட்டது என்றீர்களாமே, அந்த அட்டையைத் திருப்பிப் படியுங்கள். சில தலைவலி மாத்திரைகளில் பாராசிட்டமாலோடு 50 மில்லிகிராம் காஃபினும் சேர்த்திருப்பார்கள். ஏறக்குறைய ஒரு டம்ளர் டீயில் இருக்கிற அளவு. வாசலில் துரத்தியது கொல்லை வழியாக உள்ளே வந்துவிட்டது! வெறும் பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எதிர்வீட்டு மாமா சொன்ன கிரீன் டீயும் வேண்டாம். அதுவும் அதே தேயிலைச் செடிதான், காஃபின் அதிலும் உண்டு.

இந்த ஊர் காபி விஷயத்தில் நம்மை மிஞ்சியது. காபியையும் பால்பொடியையும் சர்க்கரையையும் ஒரே பொட்டலத்தில் அடைத்து 1976-லேயே விற்கத் தொடங்கியவர்கள். ஜனவரியில் சாலையோரம் தண்ணீர் உறைந்து கிடக்கும்போதுகூட எங்கள் ஆராய்ச்சிக்கூடத்துப் பையன்கள் ஐஸ் மிதக்கிற கறுப்புக் காபியோடுதான் உள்ளே வருவார்கள். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று 2018-ல் பள்ளிக்கூடங்களுக்குள் காபி விற்கவே தடை போட்டார்கள். ஆனால் இதே ஜனங்கள் சூடாகக் குடிக்க இன்னொரு உலகமே வைத்திருக்கிறார்கள். அதில் தேயிலை ஒரு துளி கிடையாது, எல்லாம் தானியமும் பழமும் வேரும்தான்.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரப் பாட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? அவர் வீட்டில் பச்சைத் தண்ணீரே குடிப்பதில்லை. பெரிய கெட்டிலில் தண்ணீர் கொதித்ததும் வறுத்த பார்லியை ஒரு கை அள்ளிப் போடுவார், பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு வடிகட்டுவார். 'போரிச்சா' என்று பெயர். நிறம் நம் கட்டன் டீ மாதிரி, வாசனை வறுகடலைக்கும் காபிக்கும் நடுவில். குளிருக்குச் சூடாக, கோடையில் பிரிட்ஜில் வைத்து. ஹோட்டல்களிலும் பல இடங்களில் உட்கார்ந்தவுடன் தண்ணீருக்குப் பதில் இதைத்தான் கொண்டுவந்து வைக்கிறார்கள், காசு கிடையாது. இங்குள்ள மத்தியச் சந்தையில் எள்ளும் பார்லியும் வறுத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. உருளை சுற்றச் சுற்ற பார்லி பொன்னிறத்திலிருந்து காபிக்கொட்டை நிறத்துக்கு மாறும், நடுநடுவே ஒன்றிரண்டு பொரிந்து வெடிக்கும். அந்தப் புகையில் நின்றால் நம் ஊர் காபிப்பொடி அரைக்கிற கடை வாசலில் நிற்கிற மாதிரியே இருக்கும். நாக்கு தேடுவதில் பாதி அந்த வறுத்த வாசனையைத்தான் என்று எனக்குப் படுகிறது, மற்றவர்கள் என்ன சொன்னாலும் சரி.

உங்களுக்கு நிச்சயம் பிடிக்கக்கூடியது இன்னொன்று. ஒரு ஆளுக்கு ஒரு கல்சட்டி என்று சோறு பொங்கி, சட்டியோடு மேஜைக்குக் கொண்டுவருவார்கள். சோற்றை வேறு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, அடியில் ஒட்டியிருக்கிற காந்தலின் மேல் சுடுதண்ணீரை ஊற்றி மூடிவிட வேண்டும். சாப்பிட்டு முடிப்பதற்குள் காந்தல் ஊறி, தண்ணீர் வெளிர் பழுப்பாகிவிடும். கடைசியில் அதைக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். அந்தக் காலத்தில் இரும்புப் பானையில் சமைத்த வீடுகளில் தினமும் இதுதானாம். ஆச்சி காந்தலைச் சுரண்டி உங்களுக்கு உப்புப் போட்டுத் தருவார்கள் என்று சொல்வீர்களே, அம்மாவை வேண்டுமென்றே ஒரு நாள் அடிப்பிடிக்க விடச் சொல்லுங்கள். இரும்புச் சட்டியில்தான், குக்கரில் இல்லை!

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மக்காச்சோளம் வறுத்துப் போட்டது கொஞ்சம் இனிக்கும், பார்லியோடு பாதிக்குப் பாதி கலப்பதும் உண்டு. பக்வீட் என்று ஒரு தானியம், இங்கே மெமில் என்பார்கள், வறுத்து வெந்நீரில் போட்டால் போதும், கொதிக்க வைக்கவே வேண்டாம். எனக்கு இதுதான் முதல் இடம். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்துவிடுமாம், முதல் நாள் ஒரு மடக்கு மட்டும் குடித்துப் பாருங்கள். ஒமிஜா என்ற சிவப்புப் பழத்தைக் குளிர்ந்த தண்ணீரில் இரவெல்லாம் ஊறப்போடுவார்கள். ஒரே வாயில் புளிப்பு, உவர்ப்பு, துவர்ப்பு எல்லாம் வரும், உங்களுக்கு ஆகாது, ஒரு வாயோடு டம்ளரை வைத்துவிடுவீர்கள். நம் இலந்தைக்குப் பெரியப்பா மகன் மாதிரி ஒரு பழம் உண்டு, அதை உலர்த்தி, குழையக் காய்ச்சி, வடிகட்டிக் கெட்டியாகத் தருவார்கள். அமிர்தம்! ஆனால் இனிப்பு, உங்கள் சர்க்கரை ஏற்கெனவே எல்லையில் நிற்கிறது. மூலிகைகள் போட்டுக் கறுப்பாகக் காய்ச்சுகிற சங்ஹ்வா சா உங்களுக்கு வேண்டவே வேண்டாம். அதில் அதிமதுரம் சேரும், அதிமதுரம் தொடர்ந்து உள்ளே போனால் ரத்த அழுத்தம் ஏறும். அங்கே தொண்டைக்கு என்று அம்மா போட்டுத் தருவதையும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள்.

இங்கே கடையில் வாங்கும்போது நான் உஷாராக இருப்பது ஒன்றே ஒன்றில்தான், பழுப்பரிசி டீ. அரிசிப் படம் போட்ட டப்பா, உள்ளே கிரீன் டீயும் கலந்திருக்கும். அரிசி மட்டும் உள்ளதும் தனியாகக் கிடைக்கிறது.

இதெல்லாம் சரி, பால் எங்கே என்று கேட்பீர்கள், தெரியும். இவற்றில் யாரும் பால் ஊற்றுவதில்லை. அதற்கு வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. அம்மா வாங்குகிற காபிப்பொடியில் சிக்கரி கலந்துதானே வரும்? சிக்கரி ஒரு வேர், அதில் காஃபின் கிடையாது. அந்தக் கசப்பும் கறுப்பும் பாதி அதனுடையதுதான். கடையில் சிக்கரி மட்டும் தனியாகக் கேளுங்கள், மிஷினில் காபித்தூள் ஒட்டியிருக்கும், அதனால் பாக்கெட்டாகவே வாங்கிக்கொள்ளுங்கள். மளிகைக்கடைப் பார்லியை இரும்புச் சட்டியில், சிறு தீயில், கை விடாமல் கறுக்க வறுத்து, மிக்ஸியில் ரவை பதத்துக்கு உடைத்துக்கொள்ள வேண்டும். மூன்று பங்கு பார்லிக்கு ஒரு பங்கு சிக்கரி. பில்டரில் போட்டால் அடைத்துக்கொண்டு இறங்காது, தண்ணீரில் கொதிக்க வைத்து வடிகட்டினால் டிக்காஷன். பால் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, நீங்கள் நுரை பொங்க ஆற்றிக் குடியுங்கள். காபியா என்று கேட்டால் இல்லைதான். ஆனால் நாலு மணிக்குக் கையில் டம்ளர் இருக்கும். சாயங்காலம் கடைப்பக்கம் போனால் சுக்குமல்லி கேளுங்கள். காபித்தூள் சேர்க்காமல் போடச் சொல்லுங்கள், சில கடைக்காரர்கள் ருசிக்கு ஒரு சிட்டிகை தூவிவிடுவார்கள்.

பார்லி டிக்காஷனை மறுநாளைக்கு வைக்காதீர்கள், நம் வெயிலுக்குச் சீக்கிரம் புளித்துவிடும்.

எங்கள் கூடத்தில் வேலை செய்கிற மதுரைத் தம்பி பொங்கலுக்கு ஊருக்கு வருகிறான். வறுத்த பார்லி ஒரு பை, மெமில் ஒரு சின்ன டப்பா அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் திரும்பும்போது உடன்குடிக் கருப்பட்டி ஒரு கிலோ கொடுத்துவிடுங்கள், கீழ்வீட்டுப் பாட்டி ருசி பார்த்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது இந்தக் கடிதத்தையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். மாத்திரைப் பெயர்களை அம்மாவிடம் சொல்லி எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சின்னவள்