வெள்ளைத் திரை என்று ஒதுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐரோப்பிய ஓவியர்களைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்தைத் தமிழில் எழுதுபவர்களே குறைவு, அதனால் முதலில் நன்றி. ஆனால் இத்தாலிய ஓவியர் என்ரிகோ காஸ்டெல்லானியின் படைப்பை நேர் எதிரே நின்று எடுத்த படத்தைத் தபால்தலை அளவில் போட்டு, கீழே 'வெறும் வெள்ளைத் திரை' என்றும் எழுதிவிட்டால், இதில் என்ன இருக்கிறது என்று வாசகர் பக்கத்தைப் புரட்டிவிட மாட்டாரா?

அதில் எவ்வளவோ இருக்கிறது. காஸ்டெல்லானி 1959 முதல் கேன்வாஸின் பின்னாலிருந்தும் முன்னாலிருந்தும் வரிசையாக ஆணிகளை வைத்து, துணியை மேடும் பள்ளமுமாக இழுத்துக் கட்டினார். பூசியது ஒரே வண்ணம்தான். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்போது ஒவ்வொரு மேட்டிலும் ஒரு புறம் பளிச்சென்று இருக்கும், மறுபுறம் சாம்பல் நிறம் இறங்கும். விளக்கை இடம் மாற்றினால் மொத்தப் பரப்பும் வேறாகிவிடும். நேராக ஃபிளாஷ் அடித்தால் இத்தனையும் போய்விடுகிறது, உங்கள் படத்தில் நடந்ததும் அதுதான்.

அப்புறம், இத்தாலியக் கலைஞர் லூசியோ ஃபொன்டானா கோபத்தில் கேன்வாஸைக் கிழித்தார் என்று நீங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. 1958-இல் தொடங்கிய அந்த வெட்டுகளுக்குப் பின்னால் அவர் கறுப்பு வலைத்துணி ஒட்டினார், பிளவுக்குள் சுவர் தெரியாமல் இருள் தெரிய வேண்டும் என்பதற்காக. அவ்வளவு யோசித்துச் செய்தவர் கை போன போக்கில் கிழித்திருக்க முடியாது.

ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் ஹைன்ஸ் மாக்கும் ஓட்டோ பீனேவும் 1957-இல் தொடங்கிய ஜீரோ என்ற கலைஞர் குழுவை ஒரே பத்தியில் முடித்துவிட்டீர்கள். பீனே பதின்ம வயதிலேயே விமான எதிர்ப்புப் படைப்பிரிவில் சேர்க்கப்பட்டவர். வானத்து வெளிச்சம் என்றாலே குண்டுவீச்சு என்றிருந்த தலைமுறை அது. அப்படிப்பட்டவர் பின்னாளில் துளையிட்ட தகடுகளுக்குள் விளக்கை வைத்து, இருட்டறையின் சுவரெங்கும் ஒளிப்புள்ளிகளை நடனமாட விட்டார் என்பதை எழுதாமல் அந்தக் குழுவை எப்படி விளக்குவது?

நெதர்லாந்தின் யான் ஸ்கூன்ஹோவனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே அட்டையாலும் காகிதக் கூழாலும் கட்டம் கட்டமாகப் புடைப்புப் பரப்புகளைச் செய்து வெள்ளை பூசியவர் அவர். அடுத்த முறை அவரைப் பற்றி எழுதுங்கள், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தைத் தேடிப் பிடித்து, தயவுசெய்து அரைப் பக்கத்துக்காவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்