ஜங்கிள் கார்பைன்: கட்டுரையில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் பழைய யுத்தத் துப்பாக்கிகளைப் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். ஜங்கிள் கார்பைன் என்று பெயர்பெற்ற, .303 அங்குல ரவை போடும் குட்டைத் துவக்கு பாரம் குறைந்தது, ஆகவே பெண்களும் இலகுவாகச் சுடலாம் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. நான் பெண். அந்தத் துவக்கைச் சுட்டிருக்கிறேன். கட்டுரையாளர் சொல்வது முழுப் பிழை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஹட்டனில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். என் தம்பி கனடாவில், ஒன்டாரியோவில் இருக்கிறான். சின்ன வயதிலிருந்தே சரித்திரம் என்றால் அவனுக்கு உயிர். அந்த நாட்டில் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய், சோதனையில் சித்தியடைந்து, பின்னணி விசாரணை முடிந்து, அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த பிறகுதான் கடைக்காரன் துவக்கை விற்பான். நான் அங்கே போயிருந்த காலத்தில்தான் தம்பிக்கு அந்த அனுமதி கிடைத்திருந்தது. கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான்.

அந்தக் கடையில் இரண்டு குட்டைத் துவக்குகள் இருந்தன. ஒன்று மரம் பளபளக்க, புதிது மாதிரி இருந்தது, விலையும் குறைவு. மற்றது கீறலும் எண்ணெய்க் கறையுமாகக் கிடந்தது. நானாக இருந்தால் பளபளப்பானதைத்தான் எடுத்திருப்பேன். தம்பி அதைக் கையில் வாங்கி, ரவையை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டை இழுத்து, "அக்கா, இந்தக் குமிழில விரல வச்சுப் பாருங்க" என்றான். போல்ட்டின் கைப்பிடிக் குமிழ் குழி இல்லாமல் முழு இரும்பாக இருந்தது. மற்றதின் குமிழில் குழி குடையப்பட்டிருந்தது. பாரத்தைக் குறைப்பதற்காகத் தொழிற்சாலையிலேயே குடைந்த குழி அது. உடம்புப் பகுதியின் பக்கவாட்டிலும் இரும்பை வழித்தெடுத்திருந்தார்கள். மேல்மரத்தைக் கழற்றினால் குழலின் தடித்த அடிப்பகுதியிலும் அதே வெட்டுகள். இடப்பக்கத்தில் ஜங்கிள் கார்பைனின் படைப்பெயரான 5 ஆம் இலக்கம் என்ற பொறிப்பும், பர்மிங்ஹாம் ஸ்மோல் ஆர்ம்ஸ் என்ற துப்பாக்கிக் கம்பனியின் ஷெர்லி தொழிற்சாலைக்குரிய எம் 47 சி என்ற அடையாளமும், 1945 என்ற ஆண்டும் இருந்தன. பளபளப்பானதில் இவை எதுவும் இல்லை. அது பிரித்தானியப் படையின் வழமையான 4 ஆம் இலக்க நீளத் துவக்கின் குழலை அறுத்து, முனையில் நெருப்பை மறைக்கும் ஒரு கூம்பைப் பொருத்திச் செய்த போலி. யுத்தத்துக்குப் பிறகு மிச்சத் துவக்குகளை மலிவாக வாங்கிய வியாபாரிகள் இப்படி ஏராளமாக அறுத்து விற்றிருக்கிறார்கள்.

உண்மையான 5 ஆம் இலக்கம் 1944 முதல் 1947 வரை மட்டுமே செய்யப்பட்டது. லிவர்பூல் பக்கத்து ஃபசாக்கர்லி, மேலே சொன்ன ஷெர்லி என்ற இரண்டே தொழிற்சாலைகள். மொத்தம் சுமார் இரண்டரை இலட்சம். கட்டுரையோடு அச்சாகியிருந்த படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் வெட்டு எதுவும் தெரியவில்லை. அதுவும் அறுத்த துவக்குத்தான் என்பது என் எண்ணம்.

இனிச் சுட்ட கதை. எனக்கு அனுமதிப்பத்திரம் இல்லை. அது உள்ளவர் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை செய்தால் இந்த வகைத் துவக்கை மற்றவர் சுட அங்கே சட்டம் இடம் தருகிறது. காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. நூறு யார் (கஜம்) தூரத்தில் குறிவைக்கும் கடதாசி. தம்பி போல்ட்டைத் தள்ளிப் பூட்டுவதைக் காட்டித் தந்தான். அந்த போல்ட்டின் ஓட்டம் எவ்வளவு வழவழப்பு! எண்பது வருஷத்துக்கு முந்திய இரும்பு என்று சொல்லவே முடியாது. தூக்கிப் பிடித்தபோது கட்டுரையாளர் சொன்னது சரி என்றுதான் நினைத்தேன், 3.2 கிலோ, கைக்கு அடக்கமாக இருந்தது. விசையை இழுத்ததும் தோளில் விழுந்தது ஓர் உதை. கன்னம் மரத்தில் மோதியது. முனைக் கூம்பையும் தாண்டி மஞ்சள் நெருப்பு தெரிந்தது. தோள் கன்றிப்போய், நாலைந்து நாள் சேலையின் முந்தானை பட்டாலே வலித்தது.

காரணம் பத்தாம் வகுப்புப் பௌதிகம். நீளத் துவக்கின் பாரம் ஏறத்தாழ 4.1 கிலோ. இரண்டுக்கும் போடுவது ஒரே ரவை. 11 கிராமுக்குச் சற்று மேற்பட்ட அதே சன்னம், அதாவது பறந்துபோகும் குண்டு. முன்னால் போகும் உந்தம் ஏறத்தாழ ஒன்றாக இருக்க, பின்னால் வரும் துவக்கின் திணிவு குறைந்தால் அதன் வேகம் கூடும். உதையின் சக்தி கால்வாசி அளவு கூடிவிடும். போதாக்குறைக்குத் தோளில் பதியும் றப்பர் அணை மரத்தின் அகலத்தை விடச் சிறியது. காலம் போகப்போக இறுகிக் கல்லாகியும் விடுகிறது. அந்த உதை முழுவதையும் தோளில் ஒரு சின்ன இடம் தாங்க வேண்டியிருக்கிறது. பாரம் குறைந்தது, ஆகவே இலகு என்று எழுதியவர் ஒரு தடவையாவது சுட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

குறி அலைகிறது, அதாவது இன்று சரிசெய்த குறி நாளை விலகிவிடுகிறது என்பதுதான் பிரித்தானியப் படை இதைக் கைவிடச் சொன்ன காரணம். சேகரிப்பவர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. புதிய ரகத்துக்கு மாறுவதற்குச் சொன்ன சாட்டு என்கிறார்கள். தம்பியின் துவக்கு நூறு யாரில் ஒழுங்காகவே சுட்டது. அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை.

வாங்க நினைப்பவர்களுக்குக் கட்டுரை சொல்லாமல் விட்ட முக்கியமான விஷயம் பழைய ரவை. யுத்தகால .303 ரவைக்குள் பெரும்பாலும் இருப்பது தூள் மருந்து இல்லை, இடியப்ப இழை போன்ற கோர்டைட் குச்சிகள். அதன் அடியில் ஊசி அடித்ததும் தீப்பற்றும் தொப்பியிலுள்ள பொற்றாசியம் குளோரேற்று எரிந்து பொற்றாசியம் குளோரைட்டாகக் குழலுக்குள் படியும். அது ஓர் உப்பு. ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் போகாது. முதலில் கொதிநீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, பிறகுதான் எண்ணெய். தம்பி புதிய ரவைதான் வாங்கினான். இருந்தும் வாங்கிய அன்றே கொதிநீர் ஊற்றினான். முந்தியவர் என்ன ரவை போட்டுச் சுட்டாரோ, யாருக்குத் தெரியும்? சுடுவதற்கு முன்னர், போல்ட்டின் தலைக்கும் ரவைக்கும் உள்ள இடைவெளியைத் துப்பாக்கி திருத்துபவரிடம் அளப்பித்தான். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். இங்கே இருப்பவர்கள் இணைய விளம்பரத்தைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். 1916 ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருந்தால் குற்றம். அதை வருஷா வருஷம் புதுப்பிக்கவும் வேண்டும்.

கடைசியாக, எனக்கு அதிகம் மனவருத்தம் தந்த விஷயம். பர்மாவில் ஜப்பானியரை வென்ற துவக்கு என்று எழுதி, அத்தோடு கட்டுரையை முடித்துவிட்டார்கள். பர்மா யுத்தம் முடியும் தறுவாயில்தான் இது வந்தது. அந்த யுத்தத்தை நடத்திய நேச நாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டனின் தலைமையகம் 1944 இல் நம் பேராதனைக்கு வந்ததையாவது சொல்லியிருக்கலாம். இந்தத் துவக்கு நீண்ட காலம் பயன்பட்டது கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக 1948 இல் பிரித்தானியர் அவசரகாலம் பிரகடனம் செய்த மலாயாவில், றப்பர்க் காடுகளில். அங்கே பால்வெட்டியவர்களில் பெரும்பகுதி தமிழர். நம் லயங்களுக்கு ஆள் கூட்டி வந்த மாதிரியே கங்காணிகள் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து கூட்டிப்போன சனம். மலாயாத் தொழிற்சங்கத் தலைவர் கணபதி துப்பாக்கியும் ரவையும் வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4 ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல் நாள் அவருடைய தோழர் வீரசேனன் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு தமிழ்ப் பத்திரிகை இந்தத் துவக்கைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதும்போது இந்த இருவருக்கும் இரண்டு வரி ஒதுக்கியிருக்க வேண்டாமா? நம் மலைநாட்டிலும் 1940 இல் முல்லோயாவில் கோவிந்தன், 1977 இல் டெவனில் சிவனு லெட்சுமணன் என்று பொலிஸ் துப்பாக்கிக்கு உயிர் கொடுத்த தோட்டத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கிச் சரித்திரம் என்றால் அதைப் பிடித்தவன் கதை மட்டும் போதாது.

அடுத்த ஞாயிறு இதழில் படத்தையும், இலகு என்ற வரியையும் திருத்தி, மலாயாப் பகுதியையும் சேர்த்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். தம்பி தன் துவக்கின் பொறிப்புகளைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான். வேண்டுமானால் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
ஹட்டன்.