முதியோர் இல்லத்துக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் முதியோர் இல்லம் ஒன்றுக்குப் போய் நடனமாடிப் பொங்கல் கொண்டாடிய செய்தியைப் படத்துடன் வெளியிட்டிருந்தீர்கள். நல்ல காரியம், குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் அடுத்த முறை வேறு விதமாகவும் செய்து பார்க்கலாமே என்று தோன்றியது.

நான் மெல்பேர்ணில் யூத முதியோருக்கான இல்லம் ஒன்றில் பராமரிப்பு ஊழியராக இருக்கிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு போலந்திலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் வந்து கோல்பீல்ட், செயின்ட் கில்டா பக்கம் குடியேறியவர்கள் எங்களிடம் பலர். ஹிட்லரின் முகாம்களிலிருந்து தப்பியவர்கள், மக்கள்தொகை விகிதத்தில் பார்த்தால், இஸ்ரேலுக்கு வெளியே மிக அதிகமாக வந்து சேர்ந்த நகரங்களில் மெல்பேர்ணும் ஒன்று. அவர்களே சேர்ந்து 1984இல் இங்கே எல்ஸ்டர்ன்விக்கில் தொடங்கிய யூதப் படுகொலை பற்றிய அருங்காட்சியகம் இன்றும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சபாத் என்ற யூதர்களின் வாராந்த ஓய்வுநாள் தொடங்குவதற்கு முன் யூதப் பாடசாலை ஒன்றிலிருந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வருவார்கள். மேசையில் பின்னல் போட்ட ஹல்லா பாண் துணியால் மூடியிருக்கும். தீ விபத்துப் பயத்தில் அறைகளில் மெழுகுதிரிக்குப் பதில் பற்றரியில் எரியும் விளக்குகள். வீட்டில் செய்த பலகாரத்தைப் பிள்ளைகள் கொண்டுவர முடியாது, சமையலறை கோஷர், அதாவது இறைச்சியையும் பாலையும் சேர்க்காத யூத உணவு விதிப்படி நடப்பது, என்பதால். மதியம் கோழி பரிமாறியிருந்தால் அதன் பின் நெடுநேரத்துக்குப் பால் தேநீரும் கிடையாது. என் மதியச் சாப்பாட்டுப் பெட்டி ஊழியர் அறையைத் தாண்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கவனிக்க வேண்டியது இதுதான்: ஒரு பிள்ளைக்கு ஒரு முதியவர். தவணை முழுக்க அதே பிள்ளை, அதே முதியவர். மேடை கிடையாது, பாட்டு இருந்தால் கடைசியில் ஒன்று.

தொண்ணூறை நெருங்கிய ஒருவரிடம் ஒரு பையனை விட்டார்கள். சிறு பிள்ளையாக ஒளித்து வைக்கப்பட்டு உயிர் பிழைத்தவர் அவர். பையன் கொப்பியும் பேனையுமாகத்தான் வந்தான், போரைப் பற்றி எழுதிக்கொள்ளலாம் என்று. அவரோ 1966ஐப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஆஸ்திரேலிய விதி உதைபந்தாட்டத்தில் செயின்ட் கில்டா அணி கொலிங்வுட்டை ஒரே ஒரு புள்ளியால், 74க்கு 73 என்று, வென்று கோப்பையை எடுத்த ஆண்டு. அந்த அணி எடுத்த ஒரே கோப்பை அதுதான். யார் எங்கே நின்றான், கடைசிப் புள்ளி எப்படி வந்தது என்று மேசையில் உப்புக் குப்பியையும் மிளகுக் குப்பியையும் நகர்த்திக் காட்டினார். அடுத்த கிழமையும் அதே கதை, அதே குப்பிகள். பையனுக்கு அந்தப் புள்ளி விவரம் மனப்பாடமாகி, அவர் தடுமாறும் இடத்தில் எடுத்துக் கொடுக்கத் தொடங்கினான். கொப்பியை அதற்குப் பிறகு அவன் கொண்டுவந்து நான் காணவில்லை.

அந்த மனிதர் தன் துயரத்தைச் சொல்வதற்காகவே உட்கார்ந்திருக்கும் ஆள் இல்லை. இதைத்தான் நம் ஆட்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நாங்களும் பிள்ளைகளிடம் "எண்பத்து மூன்றில் என்ன நடந்தது என்று அம்மம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வா" என்று வீட்டுவேலை கொடுக்கிறோம். அல்லது காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்க வைக்கிறோம். இரண்டுமே அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த அம்மம்மாவுக்கு எந்த நடிகரைப் பிடித்தது, சைக்கிள் எப்போது ஓடப் பழகினார் என்று கேட்டால் பேச்சு நீளும். போர்க் கதை வர வேண்டிய நேரத்தில் தானாக வரும். வராமலும் போகலாம்.

அந்தப் பாடசாலை ஆசிரியை பிள்ளைகளைத் தயார்ப்படுத்தித்தான் கூட்டி வருவார். நின்றுகொண்டு பேசாதே, கதிரையை இழுத்துப் போட்டு முகத்துக்கு நேரே உட்கார். ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டால் மூன்று முறையும் பதில் சொல். முகாமைப் பற்றி நீயாகத் தொடங்காதே. மறதி நோய் முற்றியவர்கள் சிலர் ஆங்கிலத்தை விட்டுவிட்டு சிறுவயதில் பேசிய இத்திஷ் என்ற யூத மொழிக்கும் போலிஷுக்கும் திரும்பிவிடுவார்கள். குளிக்க வைக்கப் போனாலே பதறுகிறவர்களும் உண்டு, முகாம்களில் குளிக்க என்று சொல்லித்தான் நச்சுவாயு அறைகளுக்குள் அனுப்பினார்கள் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆகவே பிள்ளைகளுக்கும் இந்தப் பாடம் தேவைதான்.

பிள்ளைகள் பயந்துவிடுவார்கள், சாவைப் பார்க்க வேண்டி வரும் என்று சில பெற்றோர் தயங்குவதுண்டு. சாவு வரும். யூதர்கள் உடலை வைத்திருப்பதில்லை, பெரும்பாலும் ஓரிரு நாளில் அடக்கம் முடிந்துவிடும். ஒரு சிறுமி வழக்கம்போல வெள்ளிக்கிழமை வந்து நின்றபோது அவள் பார்க்க வந்த மூதாட்டியின் அடக்கம் முடிந்திருந்தது. ஆசிரியை முன்பே சொல்லித்தான் கூட்டி வந்தார். பொருட்களை எடுக்க வந்திருந்த மகளிடம் போய், "உங்களுக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும்" என்று அவர்கள் வழக்கப்படி சொன்னாள். பிறகு அழுதாள். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்து அறைப் பாட்டியுடன் சீட்டு விளையாடினாள். பிள்ளைகள் உடைந்துபோவதில்லை.

லண்டனில் நைட்டிங்கேல் ஹவுஸ் என்ற யூத முதியோர் இல்லத்தின் வளாகத்திலேயே 2017இல் ஒரு மழலையர் பள்ளியைத் திறந்துவிட்டார்கள். அவ்வளவு தூரம் நம்மால் இப்போது போக முடியாது, சரி. ஆனால் சனி, ஞாயிறுகளில் நாம் நடத்தும் தமிழ்ப் பாடசாலைகளிலிருந்து நான்கு பிள்ளைகள், மாதத்துக்கு இரண்டு முறை, இது முடியாத காரியமா? தமிழ் முதியோர் ஒரே இல்லத்தில் கூட்டமாக இல்லை. இங்கே ஒருவர், அங்கே ஒருவர் என்று, ஆங்கிலச் சாப்பாட்டின் முன் பேச ஆளில்லாமல் இருக்கிறார்கள். அவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு பரதநாட்டியம் போதாது.

எந்த இல்லமானாலும் முதியோருக்கான பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளை ஒழுங்குசெய்ய லைஃப்ஸ்டைல் கோஓர்டினேட்டர் என்று ஒருவர் இருப்பார். அவரைக் கேட்டாலே வழி சொல்லுவார். கூட வரும் பெரியவர்கள் பிள்ளைகளோடு பணிபுரிவதற்கான விக்டோரியா அரசின் அனுமதி அட்டையைக் கையோடு வைத்திருப்பது நல்லது. தடிமன், இருமல் உள்ள பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். அப்புறம், நேரம் காலை பத்தரை மணியாக இருக்கட்டும். பின்னேரம் ஆக ஆக மறதி நோய் உள்ளவர்கள் பலருக்கு மனம் அலையத் தொடங்கிவிடும்.

பராமரிப்பு ஊழியர் ஒருவர்,
மெல்பேர்ண்
(வேலை காரணமாகப் பெயரை வெளியிட வேண்டாம்)